போனில் சொன்ன சீம்பால்

என் குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. திண்டிவனத்தில் எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் படிக்க வருஷக்கணக்காக என்னைத்தான் கூப்பிடுவாங்க. மைக் கரகரன்னு செத்துப்போனாலும் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர் என் சத்தத்தில் எழுந்து உட்காருவார். அதனால், "இந்த ஆப்புக்கு ஒரு பொம்பளைக் குரல் வேணும், மெட்ராஸ் ஆளுங்க பேசினா நம்ம ஜனத்துக்குப் புரியாது" என்று நான் களப்பணி பார்க்கிற விழுப்புரம் தொண்டு நிறுவன ஆபீசில் எங்கள் சார் ஆரம்பித்ததுமே கையைத் தூக்கிவிட்டேன். அவர் பேச்சை முடிக்கக்கூட விடவில்லை.

கூலிக்காரன் சட்டைப்பையிலும் டச் போன் ஏறிவிட்ட காலம் அது. காணையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கரும்பு வெட்டுகிற, நடவு நடுகிற வீட்டுப் பொம்பளைகளுக்குக் குழந்தை பிறந்ததும், தாய்ப்பால் கொடுப்பதைப் பற்றித் தினம் ஒரு சேதி போனில் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வேலை. காலை பத்து மணிக்கு மணி அடிக்கும், குரல் பேசும். நாலாம் நாள் ஒரு கேள்வியும் வரும். ஆமாம் என்றால் பச்சை டிக்கை அமுக்கணும், இல்லை என்றால் சிவப்புப் பெருக்கலை. அமுக்கின மறு நிமிஷம் விழுப்புரத்தில் எங்கள் கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும். யம்மாடி, முதல் தடவை அதைப் பார்த்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் திண்டிவனத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்க்கிற வீட்டுச் சங்கதி, உட்கார்ந்த இடத்தில் கண் முன்னால் வருகிறதே!

எனக்கு இதில் இவ்வளவு வெறி ஏன் என்றால், அதற்கு ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. தொண்ணூறுகளில் என் மூத்தவன் பிறந்தபோது, "உனக்குப் பாலு தண்ணியாட்டம் இருக்குது, புள்ளைக்கு ஒட்டாது" என்று ஆளாளுக்குச் சொல்லி, டின் பால்மாவைக் கரைத்துக் கொடுக்க வைத்தாங்க. பத்தொன்பது வயசு எனக்கு, என்ன தெரியும்? அவனுக்கு மாசம் தவறாமல் வயிற்றுப்போக்கு. நான் ஒரு பக்கம் மார் கட்டிக்கொண்டு ஜுரத்தில் கிடந்தேன். பின்னாளில் பயிற்சி வகுப்பில் எல்லாவற்றையும் படித்துத் தெரிந்துகொண்டபோது, சொன்னவர்கள் ஒவ்வொருத்தரையும் வீடு தேடிப் போய் நாலு கேள்வி கேட்கலாமா என்று தோன்றியது.

ரெக்கார்டிங் அன்று சார் பேப்பரை நீட்டினார். நான் நின்றபடிக்கு, கோயிலில் படிப்பது போலவே, நிறுத்தி நிதானமாகப் படித்தேன். 'அன்பான தாய்மார்களே! குழந்தை பிறந்தவுடன் சீம்பால் கொடுப்பது மிக மிக அவசியம். சீம்பாலே குழந்தையின் முதல் தடுப்பு மருந்து.' ஒரே டேக். கம்ப்யூட்டர் பையன்கள் கைதட்டினாங்க. அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் திண்டிவனம் வரைக்கும் அந்த வரிகளை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊருக்குள் போனால் ஒரே கிண்டல். "இன்னாக்கா, யாருக்கு ஆப்பு வெக்க வந்துக்கீறீங்க?" என்று இளவட்டங்கள் கேட்பாங்க. "உங்க மாமியாருக்குத்தான்" என்பேன். சிரிப்பு அடங்குவதற்குள் போனை வாங்கி ஆப்பை ஏற்றிவிடுவேன். ஒரு சிக்கல், போன் எல்லாம் ஆம்பளைகள் கையில். வீட்டுக்கு ஒரு போன், அது காலையில் அவனோடு கரும்புக் கொல்லைக்குப் போய்விடும். சாரிடம் சொன்னேன். "சாயங்காலம் வந்து பொண்டாட்டிகிட்ட சொல்லுவான்மா" என்றார். சரி, சொல்லுவான் என்று நானும் விட்டுவிட்டேன்.

ரெண்டு மாசத்தில் பதில்கள் வந்து குவிய ஆரம்பித்தன. மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பச்சையும் சிவப்பும் கலந்து வந்தது. 'சீம்பால் கொடுத்தீர்களா?' என்ற கேள்விக்கு மட்டும் சிவப்பு. மேலிருந்து கீழே வரைக்கும் சிவப்பு, மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி. சார் தலையில் கைவைத்துக்கொண்டு, "இந்த ஜனத்துக்கு எவ்ளோ சொன்னாலும் ஏறாதும்மா" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வந்ததே கோபம்! "இன்னும் அழுத்தமா சொல்லுவோம் சார்" என்று நானே மறுபடி மைக் முன்னால் நின்றேன். பேப்பரில் இல்லாத ஒரு வார்த்தையை நானாகச் சேர்த்தேன். 'எப்பாடுபட்டாவது சீம்பால் கொடுத்துவிடுங்கள்.' எப்பாடுபட்டாவது. அந்த வார்த்தை என் சொந்தச் சரக்கு.

அது போன ஒரு வாரத்திலேயே, ஒரு பச்சை டிக்.

ஆபீசே எழுந்து நின்றது. காணைக்கு உள்ளே, மண் ரோட்டில் மூணு கிலோமீட்டர் போகவேண்டிய ஊர். கரும்பு வெட்டுகிற குடும்பம், தலைப்பிரசவம், பெண் குழந்தை, பிறந்து நாலாம் நாள். "நான் இப்பவே போய் அந்தப் பொண்ணைப் பார்த்துட்டு ஒரு போட்டோ எடுத்துக்கினு வர்றேன் சார்" என்று செருப்பை மாட்டினேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். பஸ் விட்டு இறங்கி அந்த மண் ரோட்டில் நான் நடந்த நடை இருக்கிறதே, எதிரே மாட்டுவண்டி வந்திருந்தால் அதுதான் ஒதுங்கியிருக்கும்.

வீட்டு வாசலில் அந்தப் பெண்ணின் மாமியார் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபது வயசு இருக்கும். முகம் வீங்கின மாதிரி இருந்தது. குழந்தை பக்கத்தில் துணி விரிப்பில் கண்ணை மூடிக் கிடந்தது.

"தங்கச்சி! நீதான் எங்க ஆபீசுக்கே ராணி இன்னைக்கி. சீம்பால் குடுத்தியாமே!"

அவள் சிரித்தாள். "ஆமாங்கக்கா, குடுத்தோம். ரெண்டு நாளா குடுக்கறோம். கெடைக்கறதுதான் கஷ்டமா போச்சி."

கிடைக்கிறதா? எனக்கு விளங்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு மொபெட்ட எடுத்துக்கினு காணையெல்லாம் சுத்திப் பாத்துட்டு, கெடார் போயி, அப்பறம் முகையூர் பக்கம் வரைக்கும் போனாரு. எங்கியும் கன்னு போட்ட மாடு இல்ல. கடைசியா ஒரு வூட்டுல அன்னிக்கிதான் போட்டிருந்துச்சி. வெளியாளுக்குக் குடுக்க மாட்டோம்னாங்களாம், கண்ணு படும்னு. இவரு, புள்ளைக்கு மருந்துங்க, டாக்டருங்க போன்ல சொல்றாங்கன்னு கையெடுத்துக் கும்புட்டு வாங்கினு வந்தாரு. மூடி மேல கரித்துண்டு வெச்சிக் குடுத்தாங்க."

என் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பு கீழே விழுந்தது. மாட்டுச் சீம்பால்! கன்று போட்ட மாடு முதல் இரண்டு மூணு நாள் கறக்குமே, கெட்டியாக, வெல்லம் போட்டு அவித்தால் அல்வா மாதிரி உறையுமே, அதே சீம்பால். நானும் சின்ன வயசில் தட்டு தட்டாகத் தின்றிருக்கிறேன். எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் தாயின் முதல் பாலுக்கும் அதே பெயர்தான். புத்தகத்தில் படித்து ஒப்பித்து, அதுவே மண்டையில் உட்கார்ந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் சீம்பால் என்றால் மாடு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே உறைக்காமல் போன மூளையை என்ன செய்ய?

"எவ்ளோ குடுத்தீங்க?"

"தண்ணி ஊத்தி, வெல்லம் போட்டுக் காய்ச்சி, பாலாடையில வேளைக்கு ரெண்டு வாட்டி" என்றார் மாமியார், முறத்தோடு உள்ளே வந்து. "நேத்துலேர்ந்து வெளிக்கி தண்ணியாட்டம் போவுதும்மா. அழுக்கு கழியுதுன்னு நெனச்சோம். இப்பதான் கொஞ்சம் தூங்குது."

அது தூக்கமில்லை. குழந்தையைத் தூக்கினேன். உதடு காய்ந்திருந்தது. உச்சிக்குழி உள்ளே வாங்கியிருந்தது. கன்னத்தைத் தட்டினேன், உள்ளங்காலைச் சுண்டினேன். அழக்கூட அதற்குத் தெம்பில்லை, முனகியது. "ஒன்னுக்குப் போய் எவ்ளோ நேரமாச்சி?" என்றேன். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாங்க. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இல்லை.

நூத்தியெட்டுக்குப் போன் போட்டேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, பெத்தவ மாருல பாலு இருக்கறப்ப பச்சப் புள்ளைக்கு மாட்டுப் பாலு ஊத்தலாமா? ஒருத்தருக்காவது அறிவு வேணாமா?" என்று தாம்தூம்னு கத்திக்கொண்டிருந்தேன். மொபெட் சத்தம் கேட்டது. அவள் புருஷன். கரும்புச் சோகை கீறின கை, சாறு பட்ட சட்டை, மூடி போட்ட ஒரு சொம்பு. இன்றைக்கும் போய் வாங்கி வந்திருக்கிறான்!

"யோவ், உனுக்கு யாருய்யா சொன்னது இத குடுக்கச் சொல்லி?" என்று பாய்ந்தேன்.

அவன் சொம்பைக் கீழே வைத்தான். என் முகத்தையே பார்த்தான். அப்புறம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அமுக்கினான். வீடு முழுக்க நான் பேசினேன். 'அன்பான தாய்மார்களே!' நிறுத்தி, நிதானமாக, கணீரென்று. 'எப்பாடுபட்டாவது சீம்பால் கொடுத்துவிடுங்கள்.'

"நீங்கதானக்கா இது?" என்றான். கோபமே இல்லை அவன் குரலில். "கொல்லையில ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டோங்க. எங்க மேஸ்திரியே, டேய், எப்பாடுபட்டாவதுன்னு சொல்றாங்கடா, ஜல்தி போய்த் தேடுன்னு அனுப்புனாரு. மத்தவன்லாம் எங்க வூட்டுல ஏது மாடுன்னு பெருக்கல அமுக்கிட்டான். நான் அப்படி வுடலீங்க."

பிள்ளையார் பிடிக்கப்போய் குரங்கான கதை என்று சொல்வாங்களே, அதைக்கூட நான் ஆற அமர உட்கார்ந்து குரங்காகவே பிடித்திருந்தேன். இத்தனை நாள் எங்களுக்கு வந்த சிவப்பெல்லாம் 'எங்களிடம் மாடு இல்லை' என்ற பதில்! மாதாவே, இந்தக் குழந்தைக்கு ஒன்று ஆனால் நான் எந்த முகத்தோடு உன் முன்னால் நின்று வாசகம் படிப்பேன்? உண்மையைச் சொல்கிறேன், ஓடிப்போய்விடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"தம்பி, தப்பு எம்மேலதான். நான் சொன்னது மாட்டுப் பாலு இல்ல. இவ மாருல மொதல்ல வர்ற பாலு" என்றேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "மஞ்சளா கெட்டியா வந்துச்சே, அதுவாக்கா?"

"அதேதாம்மா."

"அது சீழு மாதிரி இருக்குது, கெட்ட பாலுன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரில நர்சம்மா குடுக்கத்தான் சொன்னாங்க. சரி சரின்னுட்டு, அவங்க அந்தாண்ட போனதும் மறைச்சி பீச்சிட்டேன். வூட்டுக்கு வந்தும் பீச்சி பீச்சி செவுத்தோரம் ஊத்திட்டேங்க்கா." அவள் அந்தச் சொம்பைப் பார்த்தாள். "அதுக்காவத்தான் இவரு ஊர் ஊரா சுத்துனாரா?"

மாமியார் முறத்தைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஆம்புலன்ஸ் சத்தம். நாலு பேரும் ஏறினோம். வழி நெடுக அந்தப் பெண்ணை அழவிடவில்லை நான். "அழுதா பாலு வருமா? மொதல்ல தண்ணியக் குடி, பிஸ்கட்டத் தின்னு" என்று அதட்டிக்கொண்டே வந்தேன். அதட்டினது அவளையா, என்னையா, அது அந்த மாதாவுக்குத்தான் தெரியும்.

பெரியாஸ்பத்திரியில் குழந்தையின் சின்னக் கையில் ஊசியைச் செருகி குளுகோஸ் ஏற்றினாங்க. டாக்டரம்மா எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். "பயந்தது போதும். அம்மாவோட பாலை எடுத்துக் கொடுங்க, கொஞ்சம் தெம்பு வந்ததும் நேரா மார்ல போடுங்க. ஒன்னுக்குப் போனா உடனே சொல்லுங்க" என்றார். நர்ஸ் வெந்நீர்த் துணி ஒற்றடம் கொடுத்து, கல் மாதிரி கட்டிக்கிடந்த மாரை இதமாக நீவிவிட்டார். முதலில் சொட்டு, அப்புறம் பீறிட்டு வந்தது பாருங்கள், நர்சின் கண்ணாடியில் அடித்தது! "இவளுக்கா பாலு இல்ல? இந்த வார்டுக்கே ஊத்தலாம் போலருக்கே" என்று நர்ஸ் சிரித்தார். வந்ததில் பாலாடையில் ரெண்டு ஸ்பூன் அளவு போனது. கக்கவில்லை. மறுபடி ரெண்டு ஸ்பூன்.

அப்புறம் காத்திருந்தோம். எதற்கு? ஒரு குழந்தை மூத்திரம் போவதற்கு. சிரிக்காதீர்கள். மூணு பெரிய மனுஷர்கள் ஒரு துணியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாமியார் கால் மணிக்கொரு தரம் துணியைத் தடவிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். ஆம்பளைகளை வார்டில் விடமாட்டாங்க என்பதால் அவன் கதவோரம் நின்று கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தான். மூணு ஆச்சு. நாலு ஆச்சு. குழந்தையை மாரில் போட்டோம். வாயை வைத்தது, நழுவியது. வைத்தது, நழுவியது. "வாய நல்லாத் தொறக்கட்டும், அப்ப இழுத்து அணைச்சுக்க, காம்பு மட்டும் இல்ல, கருப்பு முழுக்க உள்ள போவணும்" என்று நான் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். நாலாவது தடவை, பிடித்துக்கொண்டது. தாடை அசைந்தது. தொண்டையில் 'களுக்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இழுக்குதுக்கா! உள்ள நரம்பு சுண்டுது!"

சாயங்காலம் அஞ்சு மணி சுமாருக்கு, அவள் குழந்தையை என் மடிக்கு மாற்றினபோது என் தொடையில் சூடாக ஏதோ பரவியது. ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கத்தினேன் பாருங்கள் ஒரு கத்து, கோயிலில்கூட அப்படிக் கத்தினதில்லை. "போயிடுச்சி! ஒன்னுக்குப் போயிடுச்சி!" கதவோரம் நின்றவன் எல்லாச் சட்டத்தையும் மீறி உள்ளே ஓடி வந்தான். மாமியார் என் புடவை ஈரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் பொம்பளைகள் எல்லாம் கைதட்டினாங்க. வாட்ச்மேன் அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனார். அவன் போகிற வழியில் எதிரே வந்தவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு ஒன்னுக்குப் போயிடுச்சிங்க" என்று சொல்லிக்கொண்டே போனான்.

மறுநாள் ஆபீசில் நான் ஆடின ஆட்டத்தைச் சார் இன்னும் மறந்திருக்க மாட்டார். முதலில் அந்தச் சேதியை நிறுத்த வைத்தேன். சிவப்பு அமுக்கின வீடுகளுக்கு வரிசையாக நானே போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சீம்பால்னா இன்னாங்க?" மாடு, மாடு, பசு மாடு, எருமை. சார் ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டார். பத்தாவது போனில், "போதும்மா, எழுதினவன் நான்தான்" என்றார். அவர் மேல் எனக்கிருந்த கோபம் அதோடு சப்பென்று போய்விட்டது.

புதுச் சேதி எழுதினோம். பத்துத் தடவை அடித்து எழுதியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு வார்த்தையால் பட்டவளுக்குத் தெரியும் அந்தப் பயம். குழந்தை வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து, பேப்பரை எடுத்துக்கொண்டு அதே மண் ரோட்டில் நடந்தேன். அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குக் கன்னம் திரண்டிருந்தது. முஷ்டியை மடக்கித் தாயின் மாரில் குத்திக் குத்திக் குடித்தது. எனக்கு அதைக் கடித்துத் தின்றுவிடலாம் போல் ஆசை.

அங்கேயே பதிவு பண்ணிப் பார்க்கலாம் என்று என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேப்பரைப் படித்துக் காட்டினேன். இத்தனை நாளில் எங்கள் சேதியை அவளுக்கென்று நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. 'அன்பான தாய்மார்களே! பிரசவத்திற்குப் பின் முதலில் சுரக்கும் மஞ்சள் நிறப் பால்...' அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாடி சிரிப்பு?"

"இல்லக்கா. டீச்சரம்மா மாதிரி சொல்றீங்க. எங்களுக்கு டீச்சரு சொன்னா தலையாட்டிட்டு வுட்டுடுவோம்." கையை நீட்டினாள். "குடுங்க அந்தப் போன. நான் சொல்றேன்."

சார் என்ன சொல்வாரோ என்று ஒரு கணம் யோசித்தேன். ரெக்கார்டிங்கை அமுக்கிக் கொடுத்துவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. புருஷனும் மாமியாரும் வாசலிலேயே நின்றுவிட்டாங்க. அவள் போனை வாய்கிட்ட வைத்து, யாரோ எதிர்வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"தங்கச்சி, நான் காணை பக்கத்துலேர்ந்து பேசறேன். புள்ள பொறந்ததும் உம் மாருல மஞ்சளா, கெட்டியா, கொஞ்சூண்டு வரும். கெட்ட பாலும்பாங்க. இல்ல, அதான் புள்ளைக்கி. அத நான் பீச்சி செவுத்தோரம் ஊத்திட்டு, எம் புள்ளைய சாகக் குடுக்கப் பாத்தேன். நீ ஊத்தாத."

போனை என்னிடம் நீட்டினாள். ஒரு எழுத்துக்கூட வெட்டாமல் அதையேதான் அனுப்பினோம்.